வளவு வாசலில் பேஸ்பால் கதைகள்

சிறு பிள்ளைகளுக்குப் பேஸ்பால் கதை சொல்ல உட்காருகிறவர்கள் முதலில் ஒதுக்கி வைக்க வேண்டியது ஆட்டத்தின் முடிவைத்தான். எந்த அணி வென்றது, எத்தனை ஓட்டம் எடுத்தது, கோப்பை யாருக்குப் போயிற்று என்பதெல்லாம் பெரியவர்கள் பார்த்துக்கொள்ளும் கணக்கு. ஐந்து வயதுப் பிள்ளை கேட்க விரும்புவது, யாரோ ஒருவர் செய்வதற்கு அரிய ஒரு காரியத்தை எப்படிச் செய்தார், செய்யும்போது கையை எங்கே வைத்திருந்தார், காலை எப்படித் தூக்கினார், அப்போது இருட்டிவிட்டதா, குளிராக இருந்ததா என்பவற்றைத்தான்.

கானாடுகாத்தானில் இருந்துகொண்டு ஒரு கிழவி பேஸ்பாலைப் பற்றி எழுதுவது விந்தையாகத் தோன்றலாம். என் மகள் குடும்பத்தோடு பிட்ஸ்பர்க்கில் இருக்கிறாள். அவளுடைய பிள்ளைகளுக்கு அங்கே ஜூன் மாதத்தில் விடுமுறை தொடங்குகிறது; இங்கே அதே மாதத்தில் பள்ளிக்கூடம் திறந்துவிடுகிறது. ஆகவே பகலெல்லாம் துணையின்றி வீட்டுக்குள் சுற்றிவரும் பேரப்பிள்ளைகள் இருவரும், மாலையில் பள்ளி விட்டதும் ஓடிவரும் எங்கள் தெருப்பிள்ளைகளோடு சேர்ந்துகொள்கிறார்கள். பேரப்பிள்ளைகளுக்குப் பேஸ்பால் நன்றாகத் தெரியும், தமிழ்தான் கொஞ்சம் தடுமாறும். தெருப்பிள்ளைகளுக்குத் தமிழ் துள்ளி விளையாடும், ஆனால் மட்டையும் பந்தும் என்றாலே அவர்களுக்குக் கிரிக்கெட்தான். இந்த இரு கூட்டத்தையும் ஒரே கதைக்குள் உட்கார வைக்க வேண்டிய தேவையிலிருந்துதான் நான் பேஸ்பாலைப் படிக்கத் தொடங்கினேன். இப்போது அந்த ஆட்டத்தின் மனிதர்களைப் பற்றி என் மருமகனுக்குத் தெரிந்ததைவிட எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே தெரியும் என்பதைச் சற்றுப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன்.

விதிகளை முதலிலேயே சொல்லி முடித்துவிட்டுக் கதைக்குப் போகலாம் என்று நினைப்பவர்கள் பிள்ளைகளை இழந்துவிடுவார்கள். ஒரு கதைக்கு ஒரு விதி போதும். அந்தக் கதை எந்த விதியின் மேல் நிற்கிறதோ அதை மட்டும் சொன்னால் போதும். எல்லாக் கதைகளுக்கும் பொதுவாகத் தேவைப்படுவது ஓட்டம் ஒன்றுதான், அதை வாயால் சொல்லாமல் கால்களால் கற்பித்துவிடலாம். செட்டிநாட்டு வீடுகளின் நடு முற்றமான வளவு வாசல் அதற்கென்றே கட்டியது போல அமைந்திருக்கிறது. முகப்பிலிருந்து உள்ளே வந்ததும் இருக்கும் மூலைத்தூண்தான் ‘வீடு’, மற்ற மூன்று மூலைத்தூண்களும் மூன்று தளங்கள். மட்டையால் அடித்தவர் மட்டையைக் கீழே போட்டுவிட்டு ஓட வேண்டும், ஒவ்வொரு தூணையும் தொட வேண்டும், பந்து தமக்கு முன்னால் போய்விடுமென்று தோன்றினால் ஒரு தூணோடு நின்றுகொள்ளலாம், நான்கையும் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே திரும்பினால் ஓர் ஓட்டம். உண்மையான மைதானத்தில் ஒரு தளத்துக்கும் அடுத்த தளத்துக்கும் இடையே 90 அடி. பந்து வீசுபவர் நிற்பது 60 அடி 6 அங்குலத் தொலைவில். எங்கள் வாசலில் அவ்வளவு இடமில்லை, பிள்ளைகளும் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. தெருப்பிள்ளைகள் எல்லாரும் முதலில் கோயிலை வலம் வருவது போலவே ஓடினார்கள். பேஸ்பாலில் இடம் சுற்றித்தான் ஓட வேண்டும் என்று பேரன் ஒவ்வொருவரையும் தோளைப் பிடித்துத் திருப்பிவிட வேண்டியிருந்தது. ஆத்தங்குடித் தரையில் வழுக்கி விழாமல் இருக்க வெறுங்காலோடுதான் ஓட வேண்டும் என்பது மட்டும் நான் சேர்த்த விதி.

ஓடிக் களைத்து, ஆளுக்கொரு மாவுருண்டையோடு பட்டாசாலையில் உட்கார்ந்ததும் நான் சொல்லும் முதல் கதை, விடிய விடிய முடியாமல் நீண்ட ஆட்டத்தின் கதை. நான்கு வயதுப் பிள்ளைக்கும் இது பிடிக்கிறது, ஏனென்றால் இது தூக்கத்தைப் பற்றிய கதை. இதற்கு வேண்டிய விதி ஒன்றே: இரு அணிகளும் சமமாக இருக்கும் வரை ஆட்டத்தை முடிக்கக் கூடாது. 1981 ஏப்ரல் 18, சனிக்கிழமை இரவு, அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் பாட்டக்கெட் என்ற ஊரில், அந்த ஊர் அணிக்கும் ராச்செஸ்டரிலிருந்து வந்த அணிக்கும் ஆட்டம் நடந்தது. இரு அணிகளும் ஆளுக்கொரு முறை மட்டை பிடித்து முடிப்பது ஓர் இன்னிங்ஸ். வழக்கமாக 9 இன்னிங்ஸில் முடிய வேண்டியது ஆளுக்கோர் ஓட்டத்தோடு சமனில் நின்றுவிட்டது. பத்தாவது ஆடினார்கள், பதினைந்தாவது ஆடினார்கள், அப்போதும் அப்படியே. 21ஆவது இன்னிங்ஸில் ராச்செஸ்டர் ஓர் ஓட்டம் எடுத்தபோது அப்பாடா என்று எல்லாரும் மூச்சு விட்டிருப்பார்கள். அதற்குள் பாட்டக்கெட்டில் வேட் பாக்ஸ் என்பவர் ஓங்கி அடித்து மறுபடியும் சமனாக்கிவிட்டார். தம் அணியினர் தம்மைக் கட்டிப்பிடிக்கப் போகிறார்களா, அடிக்கப் போகிறார்களா என்று தெரியவில்லை என்று அவரே பிற்பாடு சொல்லியிருக்கிறார்.

இந்த இடத்தில் கதையை நான் வேண்டுமென்றே மெதுவாக்குவேன். குளிர் தாங்காமல் வீரர்கள் உடைந்த மட்டைகளைப் பீப்பாயில் போட்டுக் கொளுத்திக் கைகளைக் காய்ச்சிக்கொண்டார்கள். இந்த நேரத்துக்கு மேல் ஆடக் கூடாது என்று அந்தப் போட்டித் தொடருக்கு ஒரு விதி இருந்தது, ஆனால் நடுவர்களிடம் இருந்த விதிப் புத்தகத்தில் அந்த வரி விட்டுப்போயிருந்தது. பார்க்க வந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போக, கடைசியில் 19 பேர் மட்டும் மிஞ்சினார்கள். பாட்டக்கெட் அணியில் பந்து வீசி முடித்திருந்த லூயிஸ் அபோன்டேயை, உன் வேலை முடிந்தது, நீ வீட்டுக்குப் போ என்று அனுப்பிவிட்டார்கள். அவர் அகாலத்தில் போய்க் கதவைத் தட்ட, இவ்வளவு நேரம் எங்கே போயிருந்தாய் என்று மனைவி கேட்க, ஆட்டத்தில்தான் இருந்தேன், அது இன்னும் நடந்துகொண்டிருக்கிறது என்று அவர் சொல்ல, அந்த அம்மாள் நம்பவே இல்லை. தெருப்பிள்ளைகள் இந்த இடத்தில்தான் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். “ஆச்சி, அப்புறம் கதவைத் திறந்தாங்களா இல்லையா?” என்ற கேள்வி தவறாமல் வரும். விடிகாலை 4 மணி 7 நிமிடத்துக்கு, 32 இன்னிங்ஸ் முடிந்த நிலையில், தொடரின் தலைவர் தொலைபேசியில் உத்தரவிட்ட பிறகு ஆட்டத்தை நிறுத்தினார்கள். வெளியே வந்தால் ஈஸ்டர் ஞாயிறு. எங்கள் பக்கத்துத் திருவிழாக்களில் விடிய விடிய நடக்கும் வள்ளி திருமணம் நாடகத்தைப் பாயோடு போய்ப் பார்த்துப் பாதியில் தூங்கிப்போன பிள்ளைகளுக்கு, அந்த 19 பேர் யார் என்பதை விளக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. ஆட்டம் மிச்சமிருந்தது அல்லவா, அதை ஜூன் 23ஆம் தேதி தொடர்ந்தார்கள். 33ஆவது இன்னிங்ஸ் 18 நிமிடத்தில் முடிந்து பாட்டக்கெட் 3-2 என்று வென்றது. இவ்வளவு பெரிய கதை இவ்வளவு சட்டென்று முடியலாமா என்று பிள்ளைகளுக்குக் கோபம் வருகிறது. அந்தக் கோபத்தைத் தணிக்க நான் எதுவும் சேர்த்துச் சொல்வதில்லை.

அடுத்தபடியாக, கையாலும் காலாலும் செய்து காட்டக்கூடிய கதைகள். ஜிம் அபாட் 1967இல் மிச்சிகன் மாநிலத்து ஃப்ளின்ட் நகரில் பிறந்தார். பிறக்கும்போதே அவருக்கு வலது கை மணிக்கட்டோடு நின்றிருந்தது. பேஸ்பாலில் பந்து வீசுகிறவர் ஒரு கையால் வீசிவிட்டு, மறு கையில் மாட்டியிருக்கும் தோல் கையுறையால் திரும்பி வரும் பந்தைப் பிடிக்க வேண்டும் என்பதுதான் இந்தக் கதைக்கு வேண்டிய விதி. அதைச் சொன்னதும் பிள்ளைகள் தாங்களாகவே கேட்டுவிடுகிறார்கள், அப்படியானால் இவர் எப்படி ஆடினார் என்று. கையுறையை வலது கையின் முனையில் கவிழ்த்து வைத்துக்கொண்டு இடது கையால் வீசுவார். பந்து கையை விட்டுப் போன அந்தக் கணத்திலேயே இடது கையைக் கையுறைக்குள் நுழைத்துவிடுவார். பந்து திரும்பி வந்தால் பிடித்து, கையுறையை வலது அக்குளில் இடுக்கி, பந்தை உருவி எடுத்து மறுபடி வீசுவார். சிறுவனாக இருந்தபோது செங்கற்சுவரில் பந்தை எறிந்து எறிந்து இந்த மாற்றத்தை அவர் பழகினார், பழகப் பழகச் சுவருக்கு நெருங்கி நின்றுகொண்டார். பள்ளி ஆட்டங்களில் எதிரணியினர் அவரைச் சோதிப்பதற்காகவே அடுத்தடுத்துப் பந்தை மெல்லத் தட்டிவிட்டு ஓடிப் பார்த்ததும் உண்டு. 1993 செப்டம்பர் 4 அன்று நியூயார்க் யாங்கீஸ் அணிக்காக ஆடியபோது, கிளீவ்லாந்து அணியில் ஒருவரைக்கூடச் சரியாக அடித்துத் தளம் சேர விடாமல் முழு ஆட்டத்தையும் வீசி முடித்தார்.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் ‘பாவம்’ என்ற சொல்லை எடுத்த இடத்திலேயே கதை கெட்டுவிடுகிறது. ‘குறையிருந்தும் சாதித்தார்’ என்று தொடங்கும் மேடைப்பேச்சுத் தோரணையும் எனக்கு உடன்பாடில்லை. பிள்ளைகள் வியப்பது அந்தக் கையுறை மாற்றத்தை. பேரனின் கையுறையைச் சுற்றுக்கு விட்டேன். ஒவ்வொருவராக வலது கையை மூடிக்கொண்டு, தூணைச் சுவராக வைத்து, டென்னிஸ் பந்தை எறிந்து, கையை நுழைத்துப் பிடிக்க முயன்றார்கள். எவராலும் முடியவில்லை. அதன் பிறகு அவரைப் பற்றி நான் உயர்வாக ஒரு வார்த்தைகூடச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பந்தை மைதான எல்லைக்கு வெளியே அடித்து நான்கு தளங்களையும் சுற்றிவரும் ஹோம் ரன்னை ஜப்பானில் 868 முறை அடித்த சடஹாரு ஓ, பந்து வரும் வரை முன்காலைத் தூக்கி ஒற்றைக் காலில் நின்றவர் என்று சொன்னபோதும் இதே கதைதான். பட்டாசாலை முழுவதும் பிள்ளைகள் ஒற்றைக் காலில் நின்று தள்ளாடினார்கள்.

வில்லியம் ஹோயின் கதையைச் சொல்லும்போது பேச்சையே பாதி குறைத்துக்கொள்ளலாம். 1862இல் ஒஹாயோவில் பிறந்த அவர், சிறு குழந்தையாக இருந்தபோதே காய்ச்சலில் செவித்திறனை இழந்தார். செருப்புத் தைக்கும் கடை வைத்திருந்தார். பிறகு 1888 முதல் 1902 வரை அமெரிக்காவின் பெரிய அணிகளில் ஆடினார். 1889 ஜூன் 19 அன்று, மைதானத்தின் வெளிப்பரப்பில் நின்றபடி ஒரே ஆட்டத்தில் மூன்று பேரை, அவர்கள் வீட்டுத் தளத்தைத் தொடுவதற்குள் நேராக எறிந்து ஆட்டமிழக்கச் செய்தார். கைதட்டல் அவருக்குக் கேட்காது என்பதால் பார்வையாளர்கள் தொப்பிகளையும் கைகளையும் ஆட்டித் தங்கள் மகிழ்ச்சியைக் காட்டினார்கள் என்று சொல்வார்கள். நடுவர்கள் கையசைத்துத் தீர்ப்புச் சொல்லும் வழக்கமே அவரால்தான் வந்தது என்று பலர் எழுதியிருக்கிறார்கள். வரலாற்றை ஆராய்ந்தவர்கள் அதை அப்படி உறுதியாக ஒப்புக்கொள்வதில்லை. இப்படிப்பட்ட இடங்களில் பிள்ளைகளிடம் ‘என்று சிலர் சொல்வார்கள்’ என்று சேர்த்தே சொல்லிவிடுவது நல்லது. அவர்களுக்கு அதில் வருத்தமில்லை. நம் ஊர்க் கோயில் கதைகளையும் அப்படித்தானே கேட்கிறார்கள். ஹோய் 99 வயது வரை வாழ்ந்தார், இறந்த ஆண்டான 1961இல்கூட ஆண்டின் கோப்பைக்கான இறுதிப் போட்டியாகிய உலகத் தொடரின் ஆட்டம் ஒன்றைத் தொடங்கிவைக்க முதல் பந்தை எறிந்தார் என்பது இதுகாறும் சரியாக ஆவணப்பட்டிருக்கும் செய்தி. இந்தக் கதையைச் சொல்லி முடித்த மாலையில் பிள்ளைகள் வாய் திறக்காமல், கைச்சாடையிலேயே ஓர் ஆட்டம் ஆடிப் பார்த்தார்கள். எங்கள் வளவு அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. என்ன ஆயிற்றோ என்று அடுத்த வீட்டிலிருந்து எட்டிப் பார்த்தார்கள்.

மனிதர்களே இல்லாத கதையும் ஒன்று வேண்டும். அது பந்தின் கதை. ஒரு பேஸ்பாலின் எடை 5 முதல் 5¼ அவுன்ஸ் வரை, அதாவது கிரிக்கெட் பந்தைவிடச் சற்றுக் குறைவு. உள்ளே தக்கையும் ரப்பரும், அதன் மேல் இறுகச் சுற்றிய நூல், அதற்கு மேல் வெள்ளைத் தோல், தோலை இணைக்கும் சிவப்பு நூல் தையல். அமெரிக்கப் பெரும் அணிகளின் பந்துகள் கோஸ்டா ரிக்காவில் கையால் தைக்கப்படுகின்றன. ஒவ்வொரு பந்திலும் 108 இரட்டைத் தையல்கள். நூற்றெட்டு என்றதும் இங்குள்ள பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள், நானும்தான். உடனே எண்ணிப் பார்க்கத் தொடங்கி, பாதியில் விட்டு, மறுபடி முதலிலிருந்து எண்ணி, சண்டை போட்டு, ஒரு மாலைப்பொழுதே அதில் கழிந்தது.

புதுப்பந்து பளபளவென்று வழுக்கும். வழுக்கும் பந்தை அவ்வளவு வேகமாக வீசினால் அது எங்கே போகுமென்று யாராலும் சொல்ல முடியாது. 1920இல் ரே சாப்மன் என்ற மட்டையாளர் பந்து தலையில் பட்டு இறந்தே போனார். பந்தைச் சரியாகப் பிடித்து வீச வேண்டும் என்ற கவலை பின்னர் பெருகியதற்கு அதுவும் ஒரு காரணம். சாப்மன் செய்தி பெரியவர்களுக்காக எழுதியது, பிள்ளைகளுக்கு நான் சொல்வது சேறு மட்டும். லீனா பிளாக்பர்ன் என்ற பயிற்சியாளர், நியூஜெர்சியில் டெலவேர் ஆற்றோடு சேரும் ஓர் ஓடைப் பக்கத்திலிருந்து எடுத்த சேற்றைப் பந்தில் தேய்த்துப் பார்த்தார். வழுக்கல் போயிற்று, தோல் கெடவுமில்லை. 1930களின் இறுதியில் தொடங்கி இன்று வரை அந்தச் சேற்றைத் தேய்த்த பிறகுதான் பெரிய ஆட்டங்களில் பந்து உள்ளே போகிறது. எந்த இடத்தில் சேறு எடுக்கிறார்கள் என்பதை அந்த வியாபாரத்தார் இரகசியமாகவே வைத்திருக்கிறார்கள். இரகசியம், சேறு, ஆறு என்ற மூன்றும் ஒரே கதையில் கிடைத்தால் எந்தப் பிள்ளைதான் சும்மா இருக்கும்? மறுநாள் ஊருணிக் கரையிலிருந்து தேங்காய்ச் சிரட்டையில் சேறு வந்தது. கண்மாய்ச் சேறுதான் நல்லது, ஊருணிச் சேற்றில் மணல் அதிகம் என்று ஒரு சிறுவன் வாதாடினான். அவன் வீட்டில் வயல் இருக்கிறது, அவனுக்குத் தெரிந்திருக்கும். பேரன் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த வெள்ளைப் பந்து அன்றோடு காவி நிறமாயிற்று.

பெண்பிள்ளைகள் தங்களுக்கு ஒரு கதை கேட்டார்கள், கேட்க வேண்டியதுதானே. 1931 ஏப்ரல் 2 அன்று சட்டனூகா நகரில் நடந்த ஒரு காட்சி ஆட்டத்தில், ஜாக்கி மிட்செல் என்ற 17 வயதுப் பெண், அக்காலத்தின் மிகப் பெரிய மட்டையாளர்களான பேப் ரூத்தையும் லூ கெரிக்கையும் அடுத்தடுத்து ஆட்டமிழக்கச் செய்தார். மூன்று முறை தவறவிட்டால் வெளியே என்பது இதற்கான விதி. அவர் சிறுமியாக இருந்தபோது பக்கத்து வீட்டில் குடியிருந்த டாஸி வான்ஸ் என்ற பெரிய பந்துவீச்சாளர்தான் பந்து வீசக் கற்றுக்கொடுத்தார். ரூத்தும் கெரிக்கும் விளையாட்டுக்காக விட்டுக்கொடுத்தார்கள் என்று அன்றிலிருந்து இன்று வரை சிலர் சொல்லி வருகிறார்கள். இதையும் ஒளிக்காமல் சொன்னேன். “அவங்க தோத்ததனால அப்படிச் சொல்றாங்க, ஆயா,” என்று பேத்தி ஒரே வரியில் முடித்துவிட்டாள்.

ஜாக்கி ராபின்சன் கதைக்கு வரும்போது இந்த இலகுவெல்லாம் போய்விடுகிறது. அமெரிக்காவின் பெரிய அணிகளில் கறுப்பின வீரர்களைச் சேர்ப்பதில்லை என்பது எழுதாத சட்டமாகப் பல பத்தாண்டுகள் நடந்தது. அவர்கள் தங்களுக்கெனத் தனி அணிகள் வைத்து ஆடினார்கள், அவற்றில் ஆடியவர்கள் யாருக்கும் சளைத்தவர்களும் அல்லர். 1947 ஏப்ரல் 15 அன்று புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்காக ராபின்சன் களம் இறங்கியபோது அந்த வழக்கம் உடைந்தது. அவரை எடுத்த பிராஞ்ச் ரிக்கி, எதிரிகள் வசைபாடினாலும் திருப்பி அடிக்காமல் இருக்கும் துணிவு வேண்டும் என்று முன்னதாகவே சொல்லியிருந்தார். வசைபாடவும் செய்தார்கள், காலில் மிதிக்கவும் செய்தார்கள், கொல்வோம் என்று கடிதமும் எழுதினார்கள். குழந்தைகளுக்கென்று இந்தக் கதையை மென்மையாக்கும்போது பெரும்பாலும் நடப்பது, இரக்கமுள்ள ஒருவர் இடம் கொடுத்தார், எல்லாம் சரியாயிற்று என்று முடிந்துவிடுவது. அப்படிச் சொன்னால் ராபின்சன் தம் கதையிலேயே ஓரமாக நிற்க வேண்டிவரும். மூன்றாவது தளத்திலிருந்து, பந்து வீசுபவர் கண்ணெதிரிலேயே வீட்டுத் தளத்துக்குப் பாய்ந்து ஓடி ஓட்டம் எடுப்பதில் அவர் பெயர் பெற்றவர். நான் கதையை அங்கிருந்துதான் தொடங்குகிறேன். முதலில் பிள்ளைகளுக்கு அவரைப் பிடித்துப்போக வேண்டும், அதற்குப் பிறகுதான் அவரை ஏன் சேர்க்காமல் வைத்திருந்தார்கள் என்ற கேள்வி அவர்களுக்குச் சுடும்.

அந்தக் கேள்வி வந்தது. தோலின் நிறத்துக்காக என்று சொன்னேன். பேரப்பிள்ளைகளுக்கு அது பள்ளியில் கேட்ட பாடம், தலையாட்டினார்கள். தெருப்பிள்ளைகளில் மூத்தவள், “நம்ம ஊர்ல அப்படி இல்லையா, ஆச்சி?” என்று கேட்டாள். நிறத்துக்காக இல்லை, பிறப்புக்காக இருந்தது. எந்த ஊருணியில் யார் இறங்கலாம், எந்தத் தெருவில் யார் செருப்போடு நடக்கலாம், தேநீர்க் கடையில் யாருக்கு எந்தக் குவளை என்று நம் பக்கத்திலும் இருந்தது, அதையெல்லாம் எதிர்த்து நின்றவர்களும் இருந்தார்கள், இன்னும் முழுக்கப் போய்விடவில்லை என்று சொன்னேன். பெரிய வீட்டுப் பட்டாசாலையில் உட்கார்ந்துகொண்டு இதைச் சொல்வது எளிதாக இல்லை. ஆனாலும் கடல் தாண்டி நடந்த அநியாயத்தை மட்டும் பிள்ளைகளிடம் விரித்துச் சொல்லிவிட்டு, வாசலுக்கு வெளியே நடந்ததை விழுங்கிவிட்டால், அந்தக் கதையைச் சொல்லாமலே இருந்திருக்கலாம். ராபின்சனின் 42ஆம் எண்ணை 1997இல் எல்லா அணிகளும் அவருக்காக ஒதுக்கி வைத்தன. இப்போது ஆண்டுதோறும் ஏப்ரல் 15 அன்று எல்லா வீரர்களும் அந்த எண்ணையே அணிந்து ஆடுகிறார்கள். எல்லாரும் ஒரே எண் போட்டால் யார் யாரென்று நடுவருக்கு எப்படித் தெரியும் என்று கடைசி வரிசையிலிருந்து ஒரு சின்னவன் கேட்டான். எனக்கும் பேரனுக்கும் நல்ல விடை அகப்படவில்லை.

ராபர்ட்டோ கிளமென்டேயின் கதையால் எனக்கும் என் மகளுக்கும் சிறு மனத்தாங்கல். அவர் பிட்ஸ்பர்க் அணியின் வீரர் என்பதால் எங்கள் வீட்டில் அவருக்குத் தனி இடம் உண்டு. மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, மைதானத்துக்குப் போகும் வழியில் அவர் பெயர் தாங்கிய மஞ்சள் பாலத்தின் மேல் நடந்திருக்கிறேன். மைதானத்தின் வலப்பக்கச் சுவர் 21 அடி உயரம், அவர் அணிந்த எண் 21 என்பதற்காக அப்படி எழுப்பினார்கள். போர்ட்டோ ரிக்கோவில் 1934இல் பிறந்து, 1972 செப்டம்பர் 30 அன்று, பந்தை அடித்துத் தளம் சேர்வதில் தம் 3000ஆவது முறையை எட்டினார். அந்த டிசம்பரில் நிகராகுவாவின் மனாகுவா நகரத்தை நிலநடுக்கம் குலைத்துப் போட்டது. அவர் திரட்டி அனுப்பிய உணவும் மருந்தும் உரியவர்களுக்குப் போய்ச் சேராமல் நடுவில் களவு போவதாகக் கேள்விப்பட்டு, நானே கூடப் போகிறேன் என்று டிசம்பர் 31ஆம் தேதி சரக்கு விமானத்தில் ஏறினார். புறப்பட்ட சற்று நேரத்தில் விமானம் கடலில் விழுந்தது. அவர் திரும்பவில்லை.

இதில் எந்த இடத்தோடு நிறுத்துவது? “ஏன் ஆத்தா, ஆறு வயசுப் பிள்ளைகிட்ட விமானம் விழுந்ததையெல்லாம் சொல்லணுமா? அடுத்த மாசம் இதுங்க விமானத்திலதானே திரும்பிப் போகணும்,” என்றாள் மகள். அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. உதவி செய்யப் புறப்பட்டார் என்பதோடு முடித்துவிடலாம், பல பேர் அப்படித்தான் முடிக்கிறார்கள். ஆனால் அப்படி முடித்தால், அந்தப் பாலத்துக்கும் சுவருக்கும் ஏன் அவர் பெயர் என்று பிள்ளை கேட்கும்போது நம்மிடம் விடை இருக்காது. படைப்பு நடக்கிற வீட்டில், மாலை போட்டுப் புதுத்துணி வைத்து முன்னோர்களை அழைப்பதைப் பார்த்து வளரும் பிள்ளைகளுக்கு, ஒருவர் இறந்துபோனார் என்பது கேட்கக் கூடாத செய்தி அன்று. நான் சொன்னேன், விமானம் எப்படி விழுந்தது என்பதை விவரிக்கவில்லை, விழுந்தது என்பதை மறைக்கவும் இல்லை. பேத்தி கேட்டது, அந்த உணவு கடைசியில் அங்கே போய்ச் சேர்ந்ததா என்பதை. மகளுக்கு இன்னும் முழுச் சம்மதமில்லை. அவள் பிள்ளைகள், அவள் கவலைப்படுவது சரிதான்.

இந்தியாவிலிருந்து யாராவது ஆடினார்களா என்ற கேள்விக்கும் ஒரு கதை இருக்கிறது, அதுவும் பிட்ஸ்பர்க் அணியின் கதை. உத்தரப் பிரதேசத்துக் கிராமங்களில் ஈட்டி எறிந்துகொண்டிருந்த ரிங்கு சிங், தினேஷ் படேல் என்ற இரண்டு இளைஞர்கள், அதற்கு முன் பேஸ்பால் ஆடியதே இல்லை. 2008இல் வேகமாகப் பந்து எறிபவர்களுக்கான ஒரு தொலைக்காட்சிப் போட்டியில் தேர்வாகி அமெரிக்கா சென்று, அந்த ஆண்டு முடிவதற்குள் பிட்ஸ்பர்க் பைரட்ஸ் அமைப்பில் ஒப்பந்தமானார்கள். பெரிய அணிக்கு அவர்கள் ஏறவில்லை, கீழ்நிலை அணிகளில் ஆடினார்கள். இந்தக் கதையைப் பரிசுப் பணத்தின் கதையாகச் சொல்லிச் சொல்லி அதைச் சலிக்க வைத்துவிட்டார்கள். ஈட்டி எறிகிற கை பந்து எறியக் கற்றுக்கொள்ளும்போது எதை மறக்க வேண்டும், எதை வைத்துக்கொள்ளலாம் என்று யோசித்தால் அதில் பிள்ளைகளுக்கான கதை கிடைக்கும். நான் இன்னும் அதைச் சரியாகக் கட்டி முடிக்கவில்லை.

சில கதைகளை இப்போதைக்கு எடுக்காமல் வைத்திருக்கிறேன். 1919இல் பணம் வாங்கிக்கொண்டு உலகத் தொடரைத் தோற்றதாகச் சிகாகோ அணியினர் சிலர் மேல் எழுந்த பழியை விளங்கிக்கொள்ள, சூது என்றால் என்ன என்று தெரிந்திருக்க வேண்டும். இடைவிடாமல் 2130 ஆட்டங்கள் ஆடிய லூ கெரிக், தசைகளை முடக்கும் நோயால் 1939இல் மட்டையைக் கீழே வைத்த கதையை ஐந்து வயதுக்கும் ஆறு வயதுக்கும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கிளமென்டேயின் சாவைச் சொன்னவளுக்கு இதில் என்ன தயக்கம் என்று மகள் மடக்கினாள். விபத்தைப் பிள்ளைகள் கேட்டுவிட்டுக் கடந்துபோகிறார்கள். உடம்பு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னபடி கேட்காமல் போவது வேறு, அது அவர்கள் இதே வீட்டில் தங்கள் ஐயாவிடம் நாள்தோறும் பார்த்துக்கொண்டிருப்பது. பேரனுக்குப் பத்து வயது ஆகட்டும், அவனுக்கு மட்டும் முதலில் சொல்லிப் பார்க்கிறேன்.